எண்ணைத் தட்டினால் தளம் திறக்குமா?

டொமைன் பெயர், அதாவது பிரவுசரில் நாம் இடும் தளப் பெயர், செயலிழந்துவிட்ட ஓர் இணையதளத்தை, அது குடியிருக்கும் கணினியான சர்வரின் எண் முகவரியைக் கொண்டு திறக்க முடியுமா என்று கேட்டுக் கடந்த சில வாரங்களில் பல கடிதங்கள் வந்துள்ளன. கேட்டவர்களின் சூழ்நிலைகள் வெவ்வேறாக இருப்பதால், அவற்றில் ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டு இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தின் பழைய ஆண்டு மலர்களை ஸ்கேன் செய்து ஓர் இணையதளத்தில் ஏற்றி வைத்திருந்தோம். டொமைன் பெயரைப் பதிவு செய்து தந்த நண்பர் வெளிநாடு சென்றுவிட்டார். புதுப்பிக்காததால் பெயர் காலாவதியாகிவிட்டது. தளத்துக்கு சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்குக் கட்டணம் பாக்கியில்லை, கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன என்று அந்த நிறுவனத்தார் சொல்லி, சர்வரின் எண்ணையும் கொடுத்தார்கள். அந்த எண்ணைப் பிரவுசரில் இட்டால் எங்கள் தளம் வராமல், யாருக்கும் உரியதல்லாத ஒரு வெற்று வரவேற்புப் பக்கம் வருகிறது. எங்கள் மலர்கள் எங்கே போயின? (நூலகப் பொறுப்பாளர், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: மலர்கள் எங்கும் போகவில்லை; நீங்கள் சரியான கட்டடத்தின் வாசலுக்குத்தான் சென்றிருக்கிறீர்கள், ஆனால் எந்த வீட்டுக்கு வந்தீர்கள் என்பதைச் சொல்லவில்லை.

சர்வரின் ஐ.பி. முகவரி என்பது நான்கு பகுதிகளாக எழுதப்படும் ஓர் எண். விளக்கங்களுக்கென்றே ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கும் 203.0.113.25 என்ற எண்ணை இங்கே உதாரணமாகக் கொள்வோம். இவ்வகை எண்கள் மொத்தம் சுமார் 430 கோடிதான் இருக்க முடியும் என்பதால், ஒவ்வொரு தளத்துக்கும் தனி எண் ஒதுக்குவது கட்டுப்படியாகாது என்பது 1990களிலேயே தெளிவாகிவிட்டது. அதனால் பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிகளான, 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறை, பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போதே 'இன்ன பெயருடைய தளத்திலிருந்து வேண்டும்' என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று விதித்தது. அந்த ஒற்றை வரியைப் பார்த்துத்தான், ஒரே எண்ணில் குடியிருக்கும் நூற்றுக்கணக்கான தளங்களில் எதை எடுத்துக் கொடுப்பது என்று சர்வர் முடிவு செய்கிறது. நீங்கள் எண்ணை மட்டும் இட்டபோது அந்த வரியில் பெயருக்குப் பதிலாக எண்ணே சென்றிருக்கிறது. அப்படி ஒரு பெயருள்ள தளம் தன்னிடம் இல்லாததால், சர்வர் தன் பொதுவான முகப்புப் பக்கத்தைக் கொடுத்துவிட்டது. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பகிர்வு ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.

தனி சர்வரோ தனி எண்ணோ வைத்திருப்பவர்களுக்கு எண்ணை இட்டதும் தளத்தின் முதல் பக்கம் வரக்கூடும். அங்கேயும் அடுத்த தடை காத்திருக்கிறது. தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் தளத்தின் முழு முகவரியையும் தம் தரவுத்தளத்தில் எழுதிவைத்துக்கொள்கின்றன. எண் வழியாக வருபவரை அவை உடனே அந்தப் பழைய பெயருக்கே திருப்பி அனுப்பிவிடும், அந்தப் பெயரோ செயலிழந்து கிடக்கிறது. திருப்பி அனுப்பாத தளங்களிலும், படங்களும் பக்க அமைப்புக் கோப்புகளும் பெயரோடு சேர்த்துக் குறிப்பிடப்பட்டிருந்தால், எழுத்துக்கள் மட்டும் வரிசையாகக் கொட்டிக் கிடக்கும் ஒரு பக்கமே கண்ணில் படும்.

மூன்றாவது தடை பூட்டுச் சின்னம். பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ் வழக்கமாக ஒரு பெயருக்குத்தான் வழங்கப்படுகிறது. எண்ணை இட்டுச் செல்லும்போது, நீங்கள் கேட்டதும் சான்றிதழில் இருப்பதும் பொருந்தாததால் பிரவுசர் எச்சரிக்கை காட்டும். எண்ணுக்கே சான்றிதழ் வாங்கிய இடங்களும் உண்டு: கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் 1.1.1.1 என்ற எண்ணைப் பிரவுசரில் இட்டுப் பாருங்கள், எச்சரிக்கையின்றித் திறக்கும். இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பும் 2025 ஜூலையில் எண்ணுக்கான தன் முதல் சான்றிதழை வழங்கியது. ஆனால் ஒரு நூலகத் தளத்தின் சர்வரில் அத்தகைய ஏற்பாடு இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

உங்களுக்கு இப்போது உடனே தேவைப்படுவது கோப்புகள். ஹோஸ்டிங் கணக்கின் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்கோ, கோப்பு மாற்று வழியான எஃப்.டி.பி.க்கோ உங்கள் டொமைன் பெயர் தேவையில்லை. ஹோஸ்டிங் நிறுவனத்தின் சொந்தப் பெயரோ சர்வர் எண்ணோ போதும். அதன் வழியே உள்ளே சென்று, இன்றைக்கே மலர்கள் அனைத்தையும் தரவுத்தளத்தையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பெயரை மீட்கும் வேலையை அதன் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். அதைப் பற்றிக் கடைசிக் கேள்விக்கான பதிலில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பெயரை முடக்கிய பிறகும் எண்ணை வைத்துக்கொண்டே ஒரு தளம் உயிரோடு இருந்தது என்று கேள்விப்பட்டேன். அது உண்மையா? (இதழியல் மாணவி, சென்னை)

பதில்: உண்மை. அதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு விக்கிலீக்ஸ் தளம். அதுவும் ஒருமுறை அல்ல, இரண்டு முறை.

2008 பிப்ரவரியில், சுவிட்சர்லாந்தின் ஜூலியஸ் பேர் வங்கி, தன் கேமன் தீவுக் கிளையைச் சேர்ந்த ஆவணங்களை விக்கிலீக்ஸ் வெளியிட்டதை எதிர்த்துக் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. நீதிபதி ஜெஃப்ரி வைட், விக்கிலீக்ஸின் டொமைனைப் பதிவு செய்து கொடுத்திருந்த டைனடாட் நிறுவனம் அந்தப் பெயரை முடக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். உத்தரவு பெயரைத்தான் தொட்டது. சர்வரோ சுவீடனில் இயங்கிக்கொண்டிருந்தது. கலிபோர்னிய நீதிமன்றத்தின் கை அங்கே நீளவில்லை. 88.80.13.160 என்ற எண்ணை இட்டவர்களுக்குத் தளம் முன்போலவே திறந்தது. அந்த எண்ணை அமெரிக்கச் செய்தித்தாள்களே அச்சிட்டன. பெல்ஜியத்தின் டொமைன் பெயரிலும் அதே தளம் கிடைத்தது. தடை எந்தத் தளத்தைப் பற்றியதோ அந்தத் தளத்தை அந்த மாதத்தில் முன்பைவிடப் பலர் தேடிச் சென்றனர். பேச்சுரிமைக்கும் நீதிமன்றத்தின் அதிகார எல்லைக்கும் முரணாக இருக்கலாம் என்ற வாதங்களைக் கேட்ட பின், பிப்ரவரி 29 அன்று அதே நீதிபதி தம் உத்தரவை விலக்கிக்கொண்டார்.

2010 டிசம்பரில் நடந்தது வேறு விதம். அமெரிக்கத் தூதரகங்களின் ரகசியத் தகவல்கள் வெளியாகத் தொடங்கியிருந்த நாட்களில், விக்கிலீக்ஸின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவையை இலவசமாக வழங்கிவந்த எவ்ரிடிஎன்எஸ் நிறுவனம், அந்தத் தளத்தின் மீது நடக்கும் தாக்குதல்களால் தன்னை நம்பியிருக்கும் ஏறத்தாழ 5 லட்சம் பிற தளங்களுக்கும் ஆபத்து என்று கூறி, சேவையை நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய நாள்தான் அமேசான் தன் சர்வர்களிலிருந்து அந்தத் தளத்தை வெளியேற்றியிருந்தது. பெயர் மறைந்த பிறகு சர்வர் எண்கள் ட்விட்டரில் கைக்குக் கை மாறின. பின்னர் சுவிட்சர்லாந்தின் டொமைன் பெயர் ஒன்றும், உலகெங்கும் ஆதரவாளர்கள் வைத்த நூற்றுக்கணக்கான நகல் தளங்களும் வந்து சேர்ந்தன.

இந்த இரண்டு நிகழ்வுகளிலும் எண் வேலை செய்ததற்குக் காரணம், அந்த சர்வரில் அந்தத் தளம் ஒன்றே முதன்மையாகக் குடியிருந்ததும், அப்போது பெரும்பாலான தளங்கள் பூட்டுச் சின்னம் இல்லாத சாதாரண இணைப்பிலேயே இயங்கியதும்தான். இன்றைக்குப் பெரிய தளங்கள் பலவும் கிளவுட்ஃப்ளேர் போன்ற இடைநிலை நிறுவனங்களின் பின்னால் நிற்கின்றன. அவற்றின் எண்ணைக் கண்டுபிடித்து இட்டால், நேரடி எண் அணுகலுக்கு அனுமதியில்லை என்று கூறும் 1003 என்ற பிழைப் பக்கம்தான் வரும். ஏனென்றால் அந்த எண் தளத்தினுடையது அல்ல, வாசலில் நிற்கும் காவல் நிறுவனத்தினுடையது. 2008இல் நடந்ததை இன்று அப்படியே செய்துகாட்ட முடியும் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கேள்வி: பெயரும் வேண்டும், எண்ணும் வேண்டும் என்றால், இரண்டையும் சேர்த்து பிரவுசருக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லையா? (கணினி அறிவியல் மாணவர், மதுரை)

பதில்: இருக்கிறது, அதுவும் இணையத்தின் பெயரமைப்பைவிட மூத்த வழி. உங்கள் கணினியில் 'ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு சிறிய உரைக் கோப்பு இருக்கிறது. எந்தப் பெயரைத் தேடும்போதும் கணினி முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கேட்கச் செல்லும்.

அந்தக் கோப்பின் வரலாறு தெரிந்துகொள்ளத் தக்கது. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழுவால் பராமரிக்கப்பட்டன. புதிய கணினியைச் சேர்க்க வேண்டுமானால் அந்தக் குழுவிடம் தெரிவிக்க வேண்டும். மற்றவர்கள் புதிய கோப்பை அவ்வப்போது இறக்கிக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகியதும் இது தாங்கவில்லை. 1983இல் பால் மொகபெட்ரிஸ் வடிவமைத்த டி.என்.எஸ். என்னும் பெயரமைப்பு, ஒரே கோப்புக்குப் பதிலாக, ஒவ்வொரு பெயர்ப் பகுதிக்கும் பொறுப்பான சர்வர்கள் தம் பங்கைத் தாமே சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. பழைய கோப்பு மட்டும் ஒவ்வொரு கணினியிலும் இன்னும் தங்கியிருக்கிறது.

விண்டோஸில் நோட்பேடை நிர்வாகி உரிமையுடன் திறந்து, 'சி' டிரைவின் விண்டோஸ் அடைவுக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈ.டி.சி. என்ற அடைவில் இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறங்கள். கடைசியில் ஒரு புதிய வரியில் சர்வரின் எண்ணை எழுதி, இடைவெளி விட்டு, டொமைன் பெயரை எழுதிச் சேமியுங்கள். லினக்ஸிலும் மேக் கணினியிலும் இதே கோப்பு முதன்மை அடைவின் கீழுள்ள ஈ.டி.சி. அடைவில் இருக்கிறது. அதன் பிறகு பிரவுசரில் வழக்கம்போலப் பெயரையே இடுங்கள். பிரவுசர் நீங்கள் கொடுத்த எண்ணுக்குச் செல்லும், ஆனால் 'இன்ன பெயருடைய தளம் வேண்டும்' என்ற வரியை முறையாக அனுப்பும், வேர்ட்பிரஸ் திருப்பி அனுப்பினாலும் அதே இடத்துக்கே வரும், சான்றிதழும் பொருந்தும். முதல் கடிதத்தில் சொன்ன மூன்று தடைகளும் ஒரே வரியில் விலகிவிடுகின்றன. புதிய சர்வருக்குத் தளத்தை மாற்றும் தொழில்நுட்பர்கள், பெயரை மாற்றிவிடுவதற்கு முன்பு சோதித்துப் பார்க்க அன்றாடம் கையாளும் முறை இது.

இதன் எல்லைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் மாற்றுவது உங்கள் கணினியின் பார்வையை மட்டுமே. வாசகர்கள் ஆயிரம் பேரின் கணினிகளில் போய் எழுத முடியாது, சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசியில் இந்தக் கோப்பைத் திருத்தவும் இயலாது. பூட்டுச் சின்னமும் நிரந்தரமல்ல: லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனத்தின் வழக்கமான சான்றிதழ் 90 நாட்களுக்கே செல்லும், அதைப் புதுப்பிக்கும்போது பெயர் உண்மையில் இயங்குகிறதா என்று வெளியிலிருந்து சோதிப்பார்கள், செயலிழந்த பெயர் அந்தச் சோதனையில் தேறாது. வேலை முடிந்ததும் சேர்த்த வரியை நீக்க மறக்காதீர்கள். ஓராண்டுக்குப் பின் தளம் வேறு சர்வருக்கு மாறும்போது, உலகம் முழுக்கத் திறக்கும் தளம் உங்கள் கணினியில் மட்டும் திறக்காமல், காரணம் தெரியாமல் அரை நாளைக் கழிக்க நேரும்.

சர்வர் எண்ணைப் பெயர் இயங்கும்போதே குறித்துவைப்பதுதான் எளிது. கட்டளைத் திரையில் என்.எஸ்.லுக்அப் என்ற கட்டளையோடு பெயரை இட்டால் எண் வந்துவிடும். பெயர் செத்த பிறகு அந்தக் கட்டளையால் பயனில்லை. ஹோஸ்டிங் நிறுவனம் தொடக்கத்தில் அனுப்பிய வரவேற்பு மின்னஞ்சலில் தேட வேண்டியதுதான்.

கேள்வி: வாட்ஸ்அப் ஓர் இரவு முழுக்க நின்றுபோனபோது, அது டி.என்.எஸ். கோளாறு என்று செய்திகளில் சொன்னார்கள். அப்படியானால் எண்ணை வைத்து அன்று திறந்திருக்கலாம் அல்லவா? (வங்கி ஓய்வூதியர், திருச்சி)

பதில்: திறந்திருக்க முடியாது. 2021 அக்டோபர் 4 அன்று, நம் நேரப்படி இரவு 9 மணி கடந்து சில நிமிடங்களில், ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஒருசேர மறைந்தன. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் முதுகெலும்பான வலையமைப்பையே துண்டித்துவிட்டது. இத்தகைய கட்டளைகளைத் தடுக்க வேண்டிய சரிபார்ப்பு மென்பொருளிலும் ஒரு பிழை இருந்தது. தரவு மையங்களோடு தொடர்பிழந்த, பெயரை எண்ணாக மாற்றித் தரும் பெயர் சர்வர்கள், தம்மிடம் ஏதோ கோளாறு என்று கருதி, தம்மை நோக்கி வரும் வழியைப் பற்றிய அறிவிப்பை இணையத்திலிருந்து தாமே விலக்கிக்கொண்டன. அதனால்தான் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பெயர்க் கோளாறாகத் தெரிந்தது. உள்ளே பாதையே இல்லாதபோது முகவரி தெரிந்து பயனில்லை. பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் சென்றுதான் சரிசெய்ய வேண்டியிருந்தது. நமக்குச் சேவை திரும்பியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது.

இதற்கு நேர்மாறானது 2016 அக்டோபர் 21 அன்று நடந்தது. ட்விட்டர், ஸ்பாட்டிஃபை, ரெட்டிட் முதலிய தளங்களுக்குப் பெயர்ச் சேவை வழங்கிவந்த அமெரிக்காவின் டைன் நிறுவனத்தின் மீது, கண்காணிப்புக் கேமராக்களையும் வீடியோப் பதிவுக் கருவிகளையும் ஆட்கொண்டிருந்த மிராய் என்ற தீநிரல் வழியாகப் பெருந்தாக்குதல் நடந்தது. தளங்களின் சர்வர்கள் அன்று நலமாகவே இருந்தன. அவற்றின் எண்ணைச் சொல்ல வேண்டியவர்தான் பேச முடியாத நிலையில் இருந்தார். எண்ணை முன்பே ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதி வைத்திருந்தவருக்கு அன்று தளம் திறந்திருக்கும். 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் வர்ஜீனியா மையத்தில் ஏற்பட்ட தடங்கலும் பெயர் சார்ந்ததே: ஒரு முக்கியத் தரவுச் சேவையின் பெயருக்கு எதிரே எண்கள் இருக்க வேண்டிய இடம், தானியங்கி மென்பொருள்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டதில் வெறுமையாகிவிட்டது.

ஆகவே, தளம் திறக்காதபோது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பெயர் போனதா, பாதை போனதா, சர்வர் போனதா என்பது. பெயர் போனால் மட்டுமே எண் உதவும். எண்ணை வைத்து பிங் கட்டளை கொடுத்துப் பதில் வந்தால் பாதையும் சர்வரும் இருக்கின்றன என்று கொள்ளலாம். பதில் வராவிட்டால் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் பிங் கேள்விகளுக்குப் பதிலளிக்க வேண்டாம் என்று சில சர்வர்களில் அமைத்திருப்பார்கள்.

கேள்வி: என் வீட்டு இணைப்பில் திறக்காத தளம் பக்கத்து வீட்டில் திறக்கிறது. இதற்கும் எண்தான் மருந்தா? (இல்லத்தரசி, சேலம்)

பதில்: இதற்கு வேறோர் எண் மருந்தாகலாம். உங்கள் இணைய நிறுவனத்தின் பெயர்ச் சேவையில் கோளாறு இருந்தால், ரவுட்டரிலோ கணினியிலோ பொதுப் பெயர்ச் சேவை ஒன்றின் எண்ணை மாற்றி எழுதிப் பாருங்கள். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1, குவாட்9 அமைப்பின் 9.9.9.9 ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இவை தளத்தின் எண்கள் அல்ல, தளத்தின் எண்ணை யாரிடம் கேட்பது என்பதற்கான எண்கள்.

2014 மார்ச்சில் துருக்கியில் ட்விட்டர் தடை செய்யப்பட்டபோது, இஸ்தான்புல் நகரச் சுவர்களில் இந்த 8.8.8.8 என்ற எண்ணை மக்கள் வண்ணத்தில் எழுதி ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொண்டார்கள். முதலில் பெயரளவில் இருந்த தடை ஓரிரு நாட்களில் ட்விட்டரின் எண்களுக்கும் நீண்டது. அந்த மாத இறுதியில் துருக்கியின் இணைய நிறுவனங்கள், 8.8.8.8 என்ற எண்ணுக்குச் செல்லும் கேள்விகளையே வழிமறித்து, கூகுளின் இடத்தில் தம் சர்வர்களை நிறுத்திப் பதில் சொல்லவைத்தன. எண் சரியாக இருந்தும் அங்கே பேசியவர் வேறொருவர் என்ற இந்த நிகழ்வை அடுத்த கடிதத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: 'வங்கியின் இணையதளம் பழுது, தற்காலிகமாக இந்த எண் வழியாக உள்ளே செல்லவும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. பயன்படுத்தலாமா? (அஞ்சல் ஊழியர், திருநெல்வேலி)

பதில்: எக்காரணம் கொண்டும் வேண்டாம். செய்தியை அழித்துவிட்டு, அனுப்பியவரிடமும் சொல்லுங்கள். தன் வாடிக்கையாளரிடம் எண்ணை இட்டு உள்ளே வரும்படி எந்த வங்கியும் சொல்லாது. ஓர் எண்ணை யார் வேண்டுமானாலும் வாடகைக்குப் பெற்று, அங்கே வங்கியின் முகப்பைப் போலவே ஒன்றைக் கட்டிவைக்கலாம். மறுமுனையில் இருப்பது உண்மையில் உங்கள் வங்கிதானா என்பதைச் சான்றிதழ் பெயரை வைத்துத்தான் உறுதி செய்கிறது. பெயரை விட்டு எண்ணை இடுபவர், பிரவுசர் எச்சரித்தாலும் எச்சரிக்காவிட்டாலும், அந்தக் கணமே அந்தப் பாதுகாப்பைத் தம் கையாலேயே கழற்றிவிடுகிறார். நூலகப் பொறுப்பாளர் தம் சொந்தத் தளத்தை, தமக்குத் தெரிந்த எண்ணில், கடவுச்சொல் ஏதும் இடாமல் பார்ப்பது வேறு. பணம் தொடர்பான தளம் திறக்கவில்லையென்றால் காத்திருங்கள், அல்லது கிளைக்கு நேரில் செல்லுங்கள்.

கேள்வி: என் கடையின் டாட் காம் டொமைன் காலாவதியாகி இருபது நாட்கள் ஆகின்றன. அதைப் புதுப்பிப்பதற்குப் பதிலாக, தனி ஐ.பி. எண் ஒன்றை வாங்கி விசிட்டிங் கார்டில் அச்சிட்டுக்கொள்ளலாமா? (சிறு வணிகர், கோயம்புத்தூர்)

பதில்: அருள்கூர்ந்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த எண் ஹோஸ்டிங் நிறுவனத்தின் உடைமை. நீங்கள் நிறுவனத்தை மாற்றும் நாளில் எண்ணும் மாறிவிடும், கார்டுகள் வீணாகும். பெயர் உங்களோடு வரும், எண் வராது. பெயர் செயலிழந்தால் உங்கள் மின்னஞ்சலும் சேர்ந்தே நின்றுபோகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எண்ணை வைத்துத் தளத்தை ஒருவாறு பார்த்துவிடலாம், ஆனால் அந்தப் பெயரில் வாடிக்கையாளர் அனுப்பும் கடிதங்கள் உங்களை வந்து சேரா.

இருபது நாட்கள் என்பது இன்னும் கைமீறிப் போகாத காலம். டாட் காம் பெயர்களுக்குக் காலாவதியான பின் 45 நாட்கள் வரை, பெயரைப் பதிவு செய்து தந்த பதிவாளர் நிறுவனத்தின் விதிகளுக்கு உட்பட்டு, வழக்கமான கட்டணத்திலோ சற்றுக் கூடுதலாகவோ புதுப்பிக்க வழி இருப்பதுண்டு; எத்தனை நாட்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சிலர் அதற்கு முன்பே பெயரை ஏலத்துக்கு விட்டுவிடுவார்கள் என்பதால் இன்றே தொடர்புகொள்ளுங்கள். பதிவாளர் பெயரை நீக்கிவிட்டால், அதன் பின் 30 நாட்கள் மீட்புக் காலம். அப்போதும் முந்தைய உரிமையாளரான நீங்கள் மட்டுமே திரும்பப் பெற முடியும், ஆனால் கட்டணம் பல மடங்காக இருக்கும். அதுவும் கழிந்தால் 5 நாட்கள் யாராலும் தொட முடியாத நிலையில் இருந்து, பிறகு பெயர் பொதுவில் விடப்படும். முதலில் கேட்பவருக்கு அது சொந்தமாகிவிடும்.

அப்படி இன்னொருவர் கைக்குப் போவதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. புதிய உரிமையாளர் அந்தப் பெயரில் மின்னஞ்சலைத் திறந்துவைத்தால், உங்களுக்கு வரவேண்டிய கடிதங்கள் அவருக்கு வரும். நீங்கள் அந்த மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்த கணக்குகளில் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று அழுத்தி, அவற்றையும் அவர் கைப்பற்றக்கூடும். பெயரை இனி வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள்கூட, எல்லாக் கணக்குகளிலிருந்தும் பழைய மின்னஞ்சலை நீக்கிய பிறகு, மேலும் ஓரிரு ஆண்டுகள் பெயரைக் கைவசம் வைத்திருந்து பின்னர் விடுவதே நல்லது.

நவீன வசதிகள் கைவசம் உள்ள பெரிய நிறுவனங்களும் இதில் தவறியிருக்கின்றன. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஹாட்மெயிலுக்குள் நுழையப் பயன்பட்ட பாஸ்போர்ட் தளத்தின் டொமைனைப் புதுப்பிக்கத் தவறியதால் மின்னஞ்சல் சேவை தடைபட்டது. அந்நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒரு லினக்ஸ் நிரலாளர் தம் கையிலிருந்து 35 டாலர் கட்டி அதைப் புதுப்பித்தார்.

மீட்ட பின், பதிவாளர் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். தளம் அமைத்துத் தந்தவர் பெயரில் இருந்தால் உடனே மாற்றி எழுதச் சொல்லுங்கள். தஞ்சாவூர் நூலகத்துக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரலாம். ஒரே தவணையில் 10 ஆண்டுகள் வரை கட்ட முடியும். தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி, அதற்குக் கொடுத்திருக்கும் வங்கி அட்டை காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கின் தொடர்பு மின்னஞ்சல் வேறு டொமைனில் இருக்கட்டும். கடையின் பெயர் முடங்கும் நாளில், அதைப் பற்றிய எச்சரிக்கைக் கடிதங்கள் அதே முடங்கிய பெயருக்கு அனுப்பப்பட்டு யாரும் படிக்காமலே திரும்பிப் போவதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.